மூன்று ஆண்களின் செல்கள்

ஏதோ ஒரு பழச்சாறு புராஸ்டேட் புற்றுநோய் செல்களைக் கொன்றுவிட்டது என்று அடிக்கடி செய்தி வரும். வந்த சூட்டோடு எங்கள் பெரியப்பா அதை எனக்கு அனுப்பி, "தம்பி, இது உன் வேலைதானே, நிஜமா?" என்று கேட்பார். நான் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்து, முன்னுரை, முடிவுரை எல்லாவற்றையும் தாண்டி நேரே செய்முறைப் பகுதிக்குப் போவேன். எந்த செல் லைனில், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கிற எந்த செல் கூட்டத்தில் செய்தார்கள்? பெரும்பாலும் பிசி-3. இல்லாவிட்டால் டியு145. கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் என்றால் எல்என்கேப். மூன்றில் எது என்று தெரிந்தாலே பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி கிடைத்துவிடும்.

மூன்றும் மூன்று மனிதர்களின் உடம்பிலிருந்து வந்தவை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வகங்களில் இந்த நோயைப் பற்றிக் கண்டு எழுதியதில் பெரும்பங்கு இந்த மூவரைப் பற்றியதுதான். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. ஒரு செல் லைன் நல்ல மாதிரியா, மோசமான மாதிரியா என்று கேட்டால் பதில் வராது. அது யாருடையது, உடம்பில் எங்கிருந்து எடுத்தது, என்ன பழுதோடு வந்தது என்று கேட்டால்தான் விஷயம் ஆரம்பிக்கும். அந்தப் பழுதுகள் சில சமயம் மருந்துக்கு வழி காட்டியிருக்கின்றன. சில சமயம் ஆண்டுக்கணக்கில் எல்லோரையும் அலைக்கழித்தும் இருக்கின்றன.

செல் லைன் என்பது, ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் ஃபிளாஸ்கில் மீடியம் என்ற ஊட்டத் திரவத்தை ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வளர்த்துக்கொண்டே போகிற செல் கூட்டம். உறைய வைக்கலாம், பெட்டியில் போட்டு இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பலாம், பத்து வருடம் கழித்து எடுத்து மறுபடி வளர்க்கலாம். புற்றுநோய் செல்தானே, போட்ட இடத்தில் வளரும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். புராஸ்டேட் விஷயத்தில் அப்படி நடப்பதே இல்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை நறுக்கித் தட்டில் போட்டால், கூடவே ஒட்டிவந்த நோயில்லாத செல்கள் முந்திக்கொண்டு தட்டை நிரப்பிவிடும். சோம்பலாக வளர்கிற புற்றுநோய் செல் அதற்குள் காணாமல் போய்விடும். அதனால் கையில் சிக்கிய லைன்கள் அநேகமாக எல்லாமே நோய் முற்றி, வேறு உறுப்புக்குப் பரவிய பிறகு எடுத்தவை. சுரப்பிக்குள்ளேயே அடங்கி, பல வருடம் தொந்தரவே கொடுக்காமல் இருக்கிறதே, பெரும்பாலான ஆண்களுக்கு வருகிற அந்த வகை, அதற்கு இன்றைக்கும் சரியான லைன் கிடையாது.

எல்என்கேப் 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. 50 வயது ஆண். நோய் இடது காரை எலும்புக்கு மேலே உள்ள நிணநீர்க் கணுவரை ஏறியிருந்தது, அங்கே ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். டியு145 பற்றிய கட்டுரை 1978இல் வந்தது, டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து. 69 வயது ஆணின் மூளையில் இருந்த கட்டி. பிசி-3 அதற்கு அடுத்த ஆண்டு. 62 வயது ஆணின் முதுகெலும்பில் இருந்து எடுத்தது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது சகஜம். மூளைக்குப் போவது அபூர்வம். ஆக டியு145 ஆரம்பத்திலேயே ஒரு அபூர்வமான ஆள்.

இன்னொரு பெரிய வித்தியாசம் ஹார்மோனில் இருக்கிறது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை சிகிச்சையின் மையம் அதுதான்: ஹார்மோனை வற்றவை, இல்லாவிட்டால் செல்லில் அது போய் ஒட்டுகிற புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியை அடைத்துவிடு (ஆண்ட்ரோஜன் என்றால் ஆண் ஹார்மோன்). பிசி-3இலும் டியு145இலும் அந்த ஏற்பி வேலை செய்வதில்லை. ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறோமே பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதம், அதை இரண்டுமே சுரப்பதில்லை. பிசி-3ஐ உன்னிப்பாகப் பார்த்தவர்கள், அது வழக்கமான புராஸ்டேட் புற்றுநோயைவிட, அரிதாக வருகிற சிறுசெல் வகையைத்தான் ஒத்திருக்கிறது என்கிறார்கள்.

அப்புறம் ஏன் எல்லோரும் பிசி-3ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? காரணம் ரொம்பச் சாதாரணம். அது சொன்னபடி கேட்கும். தட்டில் அழுத்தமாக ஒட்டும், இரண்டு நாளைக்குள் இரட்டிப்பாகும், வெள்ளிக்கிழமை விட்டுப்போனால் திங்கட்கிழமை ஒழுங்காக இருக்கும். ஆய்வு மாணவருக்கு மூன்று வருடத்தில் பட்டம் வேண்டும். வளராத செல்லோடு மல்லுக்கு நிற்க யாருக்கு நேரம்? பெரியப்பாவுக்கு நான் சொல்வதும் இதுதான்: அந்தச் சாறு கொன்றது, ஹார்மோன் இல்லாமலே வளரப் பழகிவிட்ட ஒரு மனிதரின் எலும்புக் கட்டி செல்லை. அதுவும் தட்டில் நேரடியாக ஊற்றி. குடித்தால் அந்த அளவு ரத்தத்தில் ஏறுமா என்பது தனிக்கதை.

எல்என்கேப் அப்படிப்பட்ட சமர்த்துப்பிள்ளை இல்லை. அதை வளர்த்தவர்கள் கூடிப் பேசினால் புலம்பல்தான். செல்கள் தட்டில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். ஃபிளாஸ்கைக் கொஞ்சம் வேகமாகக் கீழே வைத்தால் ஒரு பகுதி அப்படியே பிரிந்து மிதக்கும். மீடியம் மாற்றும்போது பிப்பெட்டைச் செல்கள் பக்கம் திருப்பவே கூடாது, எதிர்ச்சுவரில் வழியவிட வேண்டும். புதிதாகப் போட்ட ஃபிளாஸ்கை இரண்டு நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் நீளநீளமாக வால் விட்ட செல்கள் ஒன்றோடொன்று அண்டிக் கும்பல் கும்பலாக நிற்கும், நடுவில் காலி இடம். முழுத் தட்டையும் நிரப்பவே நிரப்பாது. ஆனால் மீடியத்தை மட்டும் சீக்கிரம் புளிக்கவைத்துவிடும், இளஞ்சிவப்பு மஞ்சளாகிவிடும். இரட்டிப்பாக இரண்டரை நாள் ஆகும்.

இவ்வளவு பாடுபடுத்தினாலும் அதை வைத்திருக்கக் காரணம், அது ஹார்மோனுக்குப் பதில் சொல்கிறது, பிஎஸ்ஏ சுரக்கிறது. சோதனைக்கு முன்னால் கரித்தூளால் ஹார்மோனை உறிஞ்சி நீக்கிய சீரத்துக்கு மாற்றினால் வளர்ச்சி நின்றுபோகும். ஆர்1881 என்ற செயற்கை ஆண்ட்ரோஜனைத் துளி சேர்த்தால் மறுபடி கிளம்பும். இன்னும் கொஞ்சம் கூட்டினால்? வளர்ச்சி திரும்பக் குறையும். வரைபடத்தில் போட்டால் ஒரு மேடு மாதிரி வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கரைசல் தப்பாகிவிட்டதோ என்று பயப்படுவார்கள். தப்பு ஒன்றும் இல்லை, செல்லின் சுபாவமே அது. ஹார்மோனை வற்றவைப்பதற்கும் அளவுக்கு மீறி ஏற்றுவதற்கும் மாறிமாறிப் போகிற ஒரு சிகிச்சையை அமெரிக்காவில் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் கண்ட இந்த மேட்டுக்கும் அந்த யோசனைக்கும் சொந்தம் உண்டு.

எல்என்கேப்பின் ஏற்பியில் ஒரு பழுது இருக்கிறது. புரதத்தின் 877ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் என்ற வேறொன்று உட்கார்ந்திருக்கிறது (இப்போதைய எண்ணிக்கையில் அது 878). இந்த ஒரு மாற்றத்தால் ஏற்பிக்கு ஆள் பார்த்துக் கதவு திறக்கத் தெரியாமல் போய்விட்டது. புரோஜெஸ்டிரோன் வந்தாலும் திறக்கும், ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் திறக்கும். கதவை அடைக்கவென்றே தயாரித்த புளூட்டமைடு மருந்து வந்தால்கூடத் திறந்துவிடும். அதாவது மருந்தைக் கொடுத்தால் செல் வளர்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1990இல் இந்தப் பழுதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது சிலர் சொல்லியிருக்கக்கூடும்: இது ஒரு விசித்திரமான லைன், இதை நம்ப முடியாது, தூக்கிப் போடு.

ஆனால் 1993இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை மருத்துவர்கள் ஒன்றை எழுதினார்கள். புளூட்டமைடு எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் ஏறிய சிலருக்கு, மருந்தை நிறுத்திய பிறகு பிஎஸ்ஏ இறங்கியது. புது மருந்து எதுவும் கொடுக்காமல், பழையதை நிறுத்தியதற்கே. ஃபிளாஸ்கில் இருந்த அந்த 50 வயது மனிதரின் செல்கள் ஏற்கெனவே செய்துகாட்டியதைத்தான் இவர்கள் உடம்பும் செய்தது. அதே இடத்து மாற்றம் நோயாளிகளின் கட்டிகளிலும் பிறகு கிடைத்தது. எல்லோருக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தடுக்கும் மருந்து தூண்டும் மருந்தாக மாற முடியும் என்ற நினைப்பு, அடுத்த தலைமுறை மருந்துகளைத் தேடியவர்கள் மனதில் இறங்கிவிட்டது. அவற்றில் ஒன்றான என்சலூட்டமைடைத் தேடியபோது, சாதாரண எல்என்கேப் போதாது என்று ஏற்பியை வேண்டுமென்றே அதிகமாக்கிய எல்என்கேப்பில் சோதித்தார்கள். பழைய மருந்துகள் அதில் தோற்றுப்போகும் என்று தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009இல் அந்தக் கட்டுரை வந்தது, 2012இல் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. எல்என்கேப்பை உருவாக்கிய ஹோரோஷெவிச்சும் அவர் குழுவும் 1980களில் அந்த செல்களை எலிகளுக்கு ஊசியாகப் போட்டு, எலி என்னென்ன ஆன்டிபாடி தயாரிக்கிறது என்று பார்த்தார்கள். ஒன்று புராஸ்டேட் செல்லின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்தது. 1993இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள், அதுவும் எல்என்கேப்பிலிருந்துதான். பிஎஸ்எம்ஏ என்று பெயர். அந்த ஆன்டிபாடியை வைத்துச் செய்த முதல் ஸ்கேன் மருந்துக்கு 1996இல் அனுமதி வந்தது, ஆனால் அது அவ்வளவு சோபிக்கவில்லை. அந்த ஆன்டிபாடி புரதத்தின் உட்பக்கத்தைப் பிடிப்பது, உயிரோடு இருக்கிற செல்லுக்குள் அது போக முடியாது. வெளிப்பக்கத்தைப் பிடிக்கிற மூலக்கூறுகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 2020இல் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன், 2022இல் அதே புரதத்தைத் தேடிப்போய்க் கதிர்வீச்சைச் செலுத்தும் லுட்டீசியம்-177 சிகிச்சை. பிசி-3இலும் டியு145இலும் பிஎஸ்எம்ஏ கிடையாது. அன்றைக்கு ஹோரோஷெவிச் கையில் எளிதாக வளர்கிற செல்கள் மட்டும் இருந்திருந்தால், அந்த எலிக்குப் பிடிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

சரி, இப்போது ஆள்மாறாட்டத்துக்கு வருவோம்.

1970களில் எம்ஏ-160 என்று ஒரு புராஸ்டேட் லைன் புழக்கத்தில் இருந்தது. கடைசியில் பார்த்தால் அது ஹீலா. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாயிலிருந்து எடுத்த, எதற்கும் அடங்காத அதே ஹீலா. ஒரே ஹூட்டில் இரண்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்து ஒரே பிப்பெட்டைப் போட்டால் ஒரு துளி போதும், வேகமாக வளர்கிறது மெதுவாக வளர்கிறதை விழுங்கிவிடும். டிஎஸ்யு-பிஆர்1, ஜேசிஏ-1 என்ற இரண்டும் ஜப்பானிய நோயாளிகளின் புராஸ்டேட் செல்கள் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2001இல் டிஎன்ஏ கைரேகை எடுத்துப் பார்த்தபோது இரண்டுமே டி24 என்று தெரிந்தது. டி24 என்பது 81 வயதுப் பெண்ணின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். புராஸ்டேட்டே இல்லாத இரண்டு பெண்கள் புராஸ்டேட் ஆய்வில் இவ்வளவு நாள் இருந்திருக்கிறார்கள். பிபிசி-1, அல்வா-31, அல்வா-41 என்று தனித்தனிப் பெயரில் உலவியவை அதே பிசி-3தான் என்பதும் தெரியவந்தது. நான்கு லைனில் ஒரே முடிவு கிடைத்தது என்று பெருமையாக எழுதியவர்கள், ஒரே மனிதரை நான்கு தடவை எண்ணியிருக்கிறார்கள். எஸ்டிஆர் என்ற இந்த டிஎன்ஏ கைரேகைச் சோதனை இன்று மலிவு. நல்ல இதழ்கள் அதைக் கேட்கின்றன. அப்படியும் கேட்காத இதழ்களில் பழைய பெயர்கள் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

22ஆர்வி1 செய்த வேலைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு நோயாளியின் கட்டியை நோயெதிர்ப்பு இல்லாத எலிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்து, அதிலிருந்து 1999இல் எடுத்த லைன் இது. 2006இல் சில புராஸ்டேட் கட்டிகளில் எக்ஸ்எம்ஆர்வி என்ற புது ரெட்ரோவைரஸ் (எச்ஐவியும் இந்த வகைதான்) இருப்பதாகக் கட்டுரை வந்தது. 2009இல் தீராச் சோர்வு நோயாளிகள் பலருடைய ரத்தத்திலும் அது இருப்பதாக 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. ஒரே பரபரப்பு. தீராச் சோர்வு உள்ளவர்கள் ரத்ததானம் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவில் 2010இல் அறிவுறுத்தினார்கள். எச்ஐவி மருந்தைத் தாங்களாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நோயாளிகளும் உண்டு. இதற்கிடையில் 22ஆர்வி1 செல்கள் அதே வைரஸை ஏராளமாக வெளியே தள்ளிக்கொண்டிருப்பது கவனத்துக்கு வந்தது. சேமித்து வைத்திருந்த பழைய கட்டித் துண்டுகளை வரிசையாகச் சோதித்தார்கள். ஆரம்பகாலத் துண்டுகளில் வைரஸ் இல்லை, பிந்தையவற்றில் இருந்தது. எலியின் சொந்த மரபணுத் தொகுதியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வைரஸ் துண்டுகள், 1993க்கும் 1996க்கும் இடையில் அந்த எலிகளுக்குள்ளே ஒன்றோடொன்று கலந்து பிறந்ததுதான் எக்ஸ்எம்ஆர்வி. நோயாளிகளிடம் கண்டதெல்லாம் ஆய்வகத்திலிருந்து ஒட்டிவந்த கறை. 2009 கட்டுரையை 2011 இறுதியில் திரும்பப் பெற்றார்கள், 2006 கட்டுரையை 2012இல். எத்தனையோ ஆய்வகங்கள் இதன் பின்னால் ஓடி ஓய்ந்தன.

அதற்காக 22ஆர்வி1ஐ யாரும் தூக்கி எறியவில்லை, எறியவும் கூடாது. ஏஆர்-வி7 என்று, ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாமல் தானாக இயங்குகிற குட்டை ஏற்பி ஒன்று உண்டு. அதைப் படிக்க இந்த லைன் கைகொடுத்தது. அந்தக் குட்டை ஏற்பி ரத்தத்தில் தெரிகிற நோயாளிகளுக்கு என்சலூட்டமைடும், ஆண் ஹார்மோனை வற்றவைக்கிற அபிரடெரோன் மருந்தும் சரியாக வேலை செய்வதில்லை என்று 2014இல் வந்தது. விகேப் என்ற இன்னொரு லைன் வேறு ஒரு காரணத்துக்காக முக்கியம். டிஎம்பிஆர்எஸ்எஸ்2, இஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதை 2005இல் கண்டுபிடித்தார்கள். வெள்ளையர்களின் புராஸ்டேட் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அது உண்டு. ஆனால் பிரபலமான லைன்களில் அது இருப்பது விகேப்பில் மட்டும். பழைய மூவரில் ஒருவருக்கும் இல்லை.

தட்டையும் கொஞ்சம் திட்ட வேண்டும். உடம்பில் அந்த செல்லைச் சுற்றி நார்த்திசு, ரத்தக்குழாய், எதிர்ப்பு செல்கள் எல்லாம் உண்டு, தட்டில் பிளாஸ்டிக் மட்டும். இன்குபேட்டரில் ஆக்சிஜன் திசுவில் இருப்பதைவிடப் பல மடங்கு. வழக்கமான ஆர்பிஎம்ஐ மீடியத்தில் குளுக்கோஸ், வெறும் வயிற்று ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒப்பிட்டுப் பார்க்க 'சாதாரண செல்' என்று எல்லோரும் பயன்படுத்துகிற ஆர்டபிள்யுபிஇ-1கூட, பாப்பிலோமா வைரஸின் மரபணுவைச் செலுத்திச் சாகாமல் ஆக்கியது. அது எந்த வகையில் சாதாரணம் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 2014இலிருந்து ஜெல்லுக்குள் முப்பரிமாணமாக வளர்க்கிற ஆர்கனாய்டுகள் வந்திருக்கின்றன, சியாட்டிலில் பல நோயாளிகளின் கட்டிகளை எலிகளில் பராமரிக்கிற லூகேப் தொகுப்பு இருக்கிறது. இரண்டும் நல்லவை. செலவும் பாடும் அதிகம், எல்லார் கட்டியும் பிடிப்பதும் இல்லை.

இப்போதைக்கு நான் கட்டுரை படிக்கும்போது பார்ப்பது இவ்வளவுதான். ஏற்பியைத் தாக்கும் மருந்து என்று சொல்லிவிட்டு பிசி-3இல் மட்டும் சோதித்திருந்தால் மூடிவைத்துவிடுவேன். அதே பிசி-3ஐ 'ஏற்பி இல்லாத செல்லுக்கு ஒன்றும் ஆகக்கூடாது' என்று காட்டுவதற்காக வைத்திருந்தால் மேலே படிப்பேன். செல்லை எங்கே வாங்கினார்கள், எப்போது அடையாளம் சோதித்தார்கள் என்று ஒரு வரி இல்லாவிட்டால் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

யாருடைய செல் என்ற கேள்வி இன்னொரு பக்கமும் போகிறது. மேலே சொன்ன பழைய மூவரும் வெள்ளையர்கள். அமெரிக்காவில் இந்த நோயால் இறப்பது கறுப்பின ஆண்களிடம் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் என்று ஆராயக் கறுப்பின நோயாளிகளின் லைன் வேண்டுமே என்று ஆய்வாளர்கள் ஆசையாகப் பிடித்துக்கொண்டவற்றில் ஒன்று இ006ஏஏ. அதன் டிஎன்ஏவில் வம்சாவளியைப் பார்த்தபோது பெரும்பகுதி ஐரோப்பிய வம்சம் என்று வந்தது. அது 786-ஓ என்ற வெள்ளையரின் சிறுநீரகப் புற்றுநோய் லைன். மிச்சம் இருக்கிற சிலவற்றில் எம்டிஏ பிசிஏ 2ஏ, 2பி இரண்டும் நம்பகமானவை. 1997இல் வந்தவை, ஆனால் இரண்டும் ஒரே 63 வயதுக் கறுப்பின மனிதரின் எலும்பிலிருந்து எடுத்தவை. அவருடைய ஏற்பியிலும் எல்என்கேப்பில் இருக்கும் அதே 877 பழுது இருக்கிறது, கூடவே 701இல் இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததால் அந்த ஏற்பியை கார்டிசோல் திறந்துவிடுகிறது. நம் எல்லோர் உடம்பிலும் தினமும் சுரக்கிற அதே கார்டிசோல். ஆண் ஹார்மோனை முழுக்க வற்றவைத்தாலும் அப்படிப்பட்ட கட்டி பட்டினி கிடக்காது. இது போன்ற ஏற்பி உள்ள நோயாளிக்கு சிகிச்சையோடு கார்டிசோலைப் போன்ற எந்த ஸ்டீராய்டைக் கூடச் சேர்த்துக் கொடுப்பது என்பது அதன் பிறகு மருத்துவர்கள் யோசிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.